பரணிலிருந்து பார்த்த கசாங்கா

இரண்டு கைகளும் ஏணியிலேயே இருக்கட்டும், விளக்கைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டி கீழே நின்றபடி சொன்னார். அப்போது அதிகாலை நாலே முக்கால் மணி. ஜாம்பியாவின் மத்திய மாகாணத்தில் உள்ள கசாங்கா தேசியப் பூங்காவில், ஃபிப்வே என்னும் இடத்தில், உள்ளூர் மக்கள் முலுலு என்று அழைக்கும் மஹாகனி மரம் ஒன்றின்மேல், தரையிலிருந்து 18 மீட்டர் உயரத்தில் ஒரு பரண் இருக்கிறது. ஏணி செங்குத்தானது. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏற முடிந்தது. எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த மகளின் காலணியிலிருந்து உதிர்ந்த ஈரமண் என் நெற்றியில் விழுந்தது.

பரண் என்றால் தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டியதும், மலையடிவாரத் தோட்டங்களில் யானையை விரட்டக் கட்டியதுமே என் நினைவுக்கு வரும். விரட்டுவதற்காக இல்லாமல், பார்ப்பதற்காகவே கட்டிய பரண் ஒன்றில் நான் ஏறியது அதுவே முதல் முறை. மேலே நான்கைந்து பேர் நெருக்கியடித்து உட்காரும் அளவுக்கு இடமும், முழங்கை ஊன்றிக்கொள்ள ஒரு மரக்கட்டையும் இருந்தன. பேசக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்ற இரண்டு விதிகளை மட்டும் வழிகாட்டி சைகையால் சொல்லிவிட்டு, தொலைநோக்கியைத் துடைத்து மகளிடம் கொடுத்தார்.

முதல் நாற்பது நிமிடங்களுக்கு எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கபாபி சதுப்பில் கரையிலிருந்து கரைவரை பனி நிறைந்து கிடந்தது. தலைக்கு மேலே, விடிந்தும் விடியாத வானத்தில், ஈரத்துணியை உதறுவது போன்ற சிறகோசை இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிறகுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கீழே கோரைக்குள் ஏதோ ஒன்று அடியெடுத்து வைக்கும் சளக் என்ற ஓசையும், பிறகு நீண்ட மௌனமும், பிறகு மறுபடி அதே ஓசையும் கேட்டன. காதில் விழுவதைக் கண்ணால் பார்க்க முடியாத தவிப்பை நான் அங்கேதான் முழுதாக உணர்ந்தேன். இவ்வளவு தூரம் வந்து வெறும் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பப்போகிறோமோ என்ற கவலை மனைவியின் முகத்தில் தெரிந்தது. வழிகாட்டி மட்டும் அசையாமல், ஓசை வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் விழுந்ததும் பனி ஒரே தடவையில் விலகவில்லை. அங்கொரு திட்டும் இங்கொரு திட்டுமாகக் கிழிந்தது. அப்படிக் கிழிந்த ஓர் இடத்தில், பாப்பிரஸ் கோரையின் ஓரத்தில், வயிறுவரை நீரில் நின்றுகொண்டிருந்தது சிட்டாட்டுங்கா என்னும் சதுப்பு மான் ஒன்று. செங்காவி நிறத்தில் இருந்ததால் பெண் என்று தெரிந்தது. ஆண்கள் காப்பிக்கொட்டை நிறத்தில், முறுக்கிய கொம்புகளோடு இருக்கும். விலாவில் வெள்ளைக் கோடுகள், கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள். ஓர் இளங்குருத்தைக் கடித்து, தலையைத் தூக்கி, மென்றுகொண்டே காதுகளை மட்டும் முன்னும் பின்னும் திருப்பியது. பிறகு ஒரு காலைத் தூக்கியபோதுதான் அந்தக் குளம்பைப் பார்த்தேன். சாதாரண மானின் குளம்பைப் போலக் குவிந்திராமல், இரண்டு நீண்ட வாழைப்பூ மடல்கள் போல அது விரிந்திருந்தது. மிதக்கும் கோரைப் படுகையின்மேல் அமிழாமல் நடப்பதற்கு வாய்த்த கால் அது. உறுதியான தரையில் அதே கால்கள் தடுமாறும் என்பதால் இந்த மான் சதுப்பை விட்டு அதிக தூரம் விலகுவதில்லை. ஆபத்து என்று தோன்றினால் மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி நீருக்குள் மூழ்கி நின்றுவிடும். எங்கள் முன்னால் அது அப்படி மூழ்கவில்லை. இருபது நிமிடங்கள் மேய்ந்துவிட்டுக் கோரைக்குள் நுழைந்தது. கதவைச் சாத்தியது போலக் கோரை மூடிக்கொண்டது.

ஆப்பிரிக்காவின் பெரும்பாலான இடங்களில் சிட்டாட்டுங்காவைப் பார்ப்பது மிக அரிது. அது அரிதான விலங்காக இருப்பதைக் காட்டிலும், அது வாழும் இடத்துக்குள் வண்டி போக முடியாது என்பதே அதற்குக் காரணம். எனக்குத் தெரிந்து, மரத்தின்மேல் உட்கார்ந்து நம்பிக்கையோடு அதற்காகக் காத்திருக்கக்கூடிய இடங்களில் கசாங்காவுக்கு இணையானது இல்லை.

பணியின் பொருட்டு ஜாம்பியத் தலைநகர் லுசாகாவில் இருந்த நாட்களில், ஒரு நவம்பர் நடுவில், அங்கே கூடும் வௌவால்களைப் பார்க்க நாங்கள் கசாங்காவுக்குக் கிளம்பினோம். கிளம்புகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, அங்கே சிங்கம் இருக்கிறதா என்பதுதான். நிலையாக வாழும் சிங்கக் கூட்டம் அங்கே இல்லை. காண்டாமிருகம் இல்லை. யானைகள் கொஞ்சம் உண்டு, ஆனால் கூச்சமுள்ளவை. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மா, “வௌவாலப் பாக்கவாப்பா அவ்வளவு தூரம் போற?” என்று கேட்டார். கோயில் பிராகாரத்து இருட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு வௌவால்களைக் கடந்து போனவருக்கு அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிங்கம் இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் என்னால் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற ஐந்தையும் பெரிய ஐந்து என்று வரிசைப்படுத்தியவர்கள் துப்பாக்கியோடு வந்த வேட்டைக்காரர்கள். நடந்துபோய் வேட்டையாடுவதற்கு எவை மிகக் கடினமானவையோ, எவை மிக ஆபத்தானவையோ அவற்றை அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். துப்பாக்கி போய் காமிரா வந்த பிறகும் அதே பட்டியலால் காடுகளை அளப்பது, பார்க்கப்படாத எத்தனையோ இடங்களுக்கு நாம் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

லுசாகாவிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். கப்வே, கபிரி ம்போஷி, ம்குஷி, செரெஞ்சே என்று வடக்கு நெடுஞ்சாலையிலேயே போய், செரெஞ்சேயைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மான்சா சாலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சுரங்கத் தாமிரம் ஏற்றிய லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு வருகின்றன. பூங்காவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிட்டாம்போவில்தான், ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளில் பயணம் செய்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் லிவிங்ஸ்டன் 1873 மே மாதம் இறந்தார். அவருடைய இதயத்தை அங்கே ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலை அவருடைய உதவியாளர்களான சூசி, சூமா முதலியோர் கடற்கரைவரை சுமந்து சென்றார்கள். அந்த நினைவிடத்துக்குப் போக எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.

கசாங்காவின் பரப்பு சுமார் 390 சதுர கிலோமீட்டர். அதே நாட்டிலுள்ள கஃபூவே பூங்கா 22,400 சதுர கிலோமீட்டர் என்றால், கசாங்கா எவ்வளவு சிறியது என்பது விளங்கும். 1972இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் சாலையும் காவலும் இல்லாததால், கள்ள வேட்டையில் அது ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. 1985இல் டேவிட் லாய்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே வந்தபோது காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். துப்பாக்கி வெடிக்கிறது என்றால் சுடுவதற்கு இன்னும் விலங்குகள் மிச்சம் இருக்கின்றன என்று அவர் நினைத்தாராம். இந்த இடத்தைப் பற்றி நான் அறிந்தவற்றில் என் மனதை மிகவும் தொட்டது இதுதான். ஒரே சத்தத்தைக் கேட்டு ஒருவர் கைவிட்டிருக்கலாம். அவர் அதில் நம்பிக்கையைக் கண்டார். உள்ளூர் மக்களோடு சேர்ந்து தடங்களும் பாலங்களும் தங்குமிடங்களும் அமைக்கப்பட்டன. அவர் தொடங்கிய கசாங்கா அறக்கட்டளை, 1990இல் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பூங்காவை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றது. ஜாம்பியாவில் ஒரு தேசியப் பூங்கா இப்படித் தனியார் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது அதுவே முதல் முறை. இன்று அங்கே பொன்னிறத்தில் மேயும் புக்கு மான்கூட்டங்களைப் பார்க்கும்போது, இவை எல்லாம் ஏறக்குறைய போயே போயிருந்தவை என்ற நினைப்பு கூடவே வருகிறது.

வாசா ஏரிக்கரையில் தங்கினோம். ஏரியில் நீர்யானைகள் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருந்தன. பகலில் வண்டியில் சுற்றுவது இங்கே அவ்வளவு சிறப்பாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மியோம்போ என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியின் மரக்காடு அடர்த்தியானது, பார்வை தூரம் போவதில்லை, செட்ஸே ஈக்கள் துணியை ஊடுருவிக் கடிக்கின்றன. அவற்றுக்குக் கருப்பும் கருநீலமும் பிடிக்கும் என்று தெரியாமல் நான் கருநீலச் சட்டையில் போயிருந்தேன். மறுநாள் மண்ணிறச் சட்டைக்கு மாறினேன்.

லுவோம்ப்வா ஆற்றில் துடுப்புப் படகில் போன இரண்டு மணி நேரம் அதற்கு நேர்மாறானது. கரைமரங்கள் இருபக்கமும் கவிந்து வளர்ந்திருப்பதால், ஆறு ஒரு நீண்ட கூடம் போலத் தோன்றுகிறது. படகோட்டி துடுப்பை நீரிலிருந்து எடுக்காமலேயே திருப்பித் திருப்பித் தள்ளினார், சொட்டும் நீரின் ஓசைகூட எழவில்லை. இந்தச் சிறிய பூங்காவில் 450க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் எங்களுக்கு வாய்த்தவை சில. என் மனதில் நின்றது ராஸ் துராக்கோ. உட்கார்ந்திருக்கும்போது கருநீலப் பறவை, மஞ்சள் அலகு, சிவந்த கொண்டை. பறக்கத் தொடங்கியதும் சிறகுக்குள்ளிருந்து குங்குமச் சிவப்பு பளீரென்று விரிகிறது. துராக்கோக்களின் சிறகில் உள்ள அந்தச் சிவப்பு, தாமிரம் கலந்த ஒரு தனி நிறமி. இந்தப் பறவைக் குடும்பத்துக்கே உரியது. தாமிரத்தால் பேர்பெற்ற நாட்டில், ஒரு பறவையின் சிறகிலும் தாமிரம் இருப்பதை அறிந்து மகள் வியந்துபோனாள். இறங்கும்போது படகோட்டியிடம் பெம்பா மொழியில் நன்றி என்பதற்குரிய “நட்டொடெலா” என்ற சொல்லை அவள் சொன்னாள். பெரியவர்களிடம் பேசும்போது அதன் பின்னால் “முக்வாய்” சேர்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். நாம் ‘ங்க’ சேர்ப்பது போலத்தான்.

இனி, அந்தச் சிறகுகள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி, வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால்கள் கசாங்காவுக்கு வருகின்றன. நவம்பர் இறுதியில் உச்சத்தை எட்டி, டிசம்பர் முடிவதற்குள் போய்விடுகின்றன. ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிகப்பெரிய வௌவால் கூடுகைகளில் ஒன்று அது. இவை எல்லாம் பகலில் தொங்குவது, முஷிட்டு என்று அழைக்கப்படும் சதுப்புக் காட்டின் ஒரு சிறு துண்டில். ஆண்டின் மற்ற மாதங்களில் இந்தக் கூட்டத்தைக் கசாங்காவில் தேடினால் கிடைக்காது.

மாலை ஐந்து மணிக்கு, அந்தக் காட்டின் ஓரத்தில் இருந்த வேறொரு பரணில் ஏறி உட்கார்ந்தோம். பிற்பகல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. காட்டிலிருந்து வந்த ஓசையை முதலில் அருவி என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால் அது சந்தை இரைச்சல் போல, ஆயிரம் சிறு சச்சரவுகள் சேர்ந்த ஒலி. கனிந்த பழமும் கம்பளி ஈரமும் கலந்தது போன்ற ஒரு வாடை காற்றில் வந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது கிளைகளே தெரியவில்லை. கிளை இருக்க வேண்டிய இடமெல்லாம் வௌவால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. ஒன்று மட்டும் விலகி, ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு, சிறகை மெல்ல விரித்து நாவால் துடைத்துக்கொண்டிருந்தது. நாய்க்குட்டி முகம், பெரிய பழுப்புக் கண்கள், கழுத்தைச் சுற்றி உலர்ந்த வைக்கோலின் மஞ்சள். ஒன்றின் எடை கால் கிலோவிலிருந்து 300 கிராம்வரை இருக்கும், விரித்த சிறகு முக்கால் மீட்டரை எட்டும். அத்தனையின் எடை தாங்காமல் கிளை முறிவது அங்கே அன்றாட நிகழ்வு. நாங்கள் உட்கார்ந்திருந்தபோதும் எங்கோ ஒரு கிளை முறிந்தது. உடனே கரும்புகை எழும்பியது போல ஒரு கூட்டம் மேலெழுந்து, சுழன்று, மறுபடி அமர்ந்தது. இவற்றுக்காகவே கழுகுகளும் பருந்துகளும் காட்டின்மேல் வட்டமிடுகின்றன. பொந்திலும் இலையிருளிலும் ஒளிந்துகொள்ளாமல் இப்படி வெட்டவெளியில் தொங்கும் உயிர்களுக்கு, கூட்டமே காப்பு.

சூரியன் மறைந்து சில நிமிடங்களில் முதல் வௌவால்கள் கிளம்பின. பத்து, நூறு என்று எண்ணிக்கொண்டிருந்த மகள் சற்று நேரத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அரை மணி நேரம் அவை போய்க்கொண்டே இருந்தன. ஒரு திசையில் மட்டும் போகவில்லை. எங்கள் தலைக்கு நேர்மேலே ஒரு பிரிவு, இடப்பக்கம் ஒரு பிரிவு, தொலைவில் இன்னொன்று என்று வானமெங்கும் கால்வாய் பிரித்துவிட்டது போலப் பாய்ந்தன. பறக்கும்போது அவை கத்துவதில்லை. விடியற்காலையில் பனிக்குள் கேட்ட அதே உதறலோசை மட்டும்தான். தாழ்வாகப் பறந்தவற்றின் சிறகுத்தோலில் மேற்கு வானத்துச் செம்மை ஊடுருவி, உள்ளே விரல் எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. கை போன்ற சிறகு என்று பள்ளியில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எத்தனை வௌவால்கள் என்ற கேள்விக்கு, 80 லட்சம் முதல் 1 கோடிவரை என்பதே நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் விடை. கண்ணால் பார்த்துக் கணித்தது அது. 2019 நவம்பரில் ஆய்வாளர்கள் காட்டைச் சுற்றிலும் வானை நோக்கிச் சிறு காமிராக்களை வைத்து, வெளியேறும் வௌவால்களைப் படமெடுத்துக் கணினியால் எண்ணினார்கள். 7,50,000க்கும் 9,76,000க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையே குறைந்தபட்ச அளவாக அவர்களுக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரணில் உட்கார்ந்து பார்த்த எவரும் கோடி என்றுதான் சொல்வார்கள். அந்தக் காட்சியின்முன் கண்ணுக்கு எண் தெரியாமல் போவது இயல்பு. ஆனால் காப்பாற்ற வேண்டிய ஒன்றுக்குச் சரியான கணக்கு வேண்டும். அடுத்த ஆண்டு குறைந்தால் குறைந்தது என்று தெரிய வேண்டும். உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்று பட்டியலிடப்பட்ட விலங்கு இது.

இன்னொரு கணக்கு அதைவிட முக்கியமானது. சில வௌவால்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, இரவில் இரை தேடி 50 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்த் திரும்புவது தெரியவந்தது. கசாங்காவை விட்டுக் கிளம்பியவை வடக்கே காங்கோ நாட்டுக்குள் போயின. அவற்றில் ஒன்று ஐந்து மாதங்களுக்குள் 2,500 கிலோமீட்டர் கடந்திருந்தது. 390 சதுர கிலோமீட்டர் பூங்காவுக்குள் 50 கிலோமீட்டர் பறக்க இடமில்லை. அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்தவற்றில் பலவும் பூங்காவின் எல்லையைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கும். உறங்கும் இடத்துக்குக் காவல் இருக்கிறது. உண்ணும் இடத்துக்கு இல்லை. பூங்காவைச் சூழ்ந்துள்ள கஃபிண்டா வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் பெரிய அளவு வேளாண்மைக்காகக் காடு வெட்டப்பட்டு, அது நீதிமன்றம்வரை போயிருக்கிறது. வண்டியில் வரும்போது சாலையோரம் கரி மூட்டைகள் அடுக்கியிருந்ததையும் பார்த்தோம். கரி சுடுபவர்களுக்கு அடுப்பெரிய வேறு வழியும் வருமானத்துக்கு வேறு வழியும் இருந்தால் அவர்கள் அதைச் செய்யமாட்டார்கள் என்பதும் உண்மை. பூங்காவுக்கு வரும் விருந்தினர்கள் சிலரே என்பதால், அவர்களால் அந்த ஊர்களுக்குக் கிடைக்கும் வேலையும் குறைவு. சிங்கம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேறு பூங்காவுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் இங்கே ஒரு வழிகாட்டி இழக்கும் ஒரு நாள் கூலி.

அந்த வௌவால்கள் வெகுதூரம் வருவதெல்லாம் மசுக்கு போன்ற காட்டுப் பழங்களுக்காக. முதல் மழையோடு அவை கனிகின்றன. சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பிவிடும் வௌவால், சிறு விதைகளை விழுங்கிப் பல மைல் தொலைவில் எச்சத்தோடு போடுகிறது. கானாவில் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள், விதைகள் 75 கிலோமீட்டர்வரை கூடப் போகலாம் என்று கண்டிருக்கிறார்கள். வெட்டவெளியின்மேல் பறக்கத் தயங்காத விலங்கு என்பதால், காடு அழிந்த இடத்திலும் விதை விழுகிறது.

கடைசி நாள் விடியற்காலையில் மறுபடி முஷிட்டுப் பரணுக்கே போனோம். மாலையில் கிளம்பிப் போனது போல அவசரமாக அவை திரும்பவில்லை. இருட்டோடு இருட்டாகச் சிதறி வந்து, காட்டின்மேல் வட்டமிட்டு, இடம் பார்த்து, தலைகீழாகப் பற்றி, அருகில் தொங்குவதோடு சண்டை பிடித்து அடங்கின. வெளிச்சம் வந்தபோது கிளைகள் மறுபடி மறைந்திருந்தன.

திரும்பும் வழியில், செரெஞ்சேக்கு முன்னால், சாலையோரம் ஒரு அம்மா பிளாஸ்டிக் கிண்ணங்களில் மசுக்கு குவித்து விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு கிண்ணம் வாங்கினோம். கெட்டியான பழுப்புத் தோலை நகத்தால் பிளந்தால் உள்ளே மஞ்சள் சதை, பேரிக்காயும் தேனும் கலந்த இனிப்பு, நாக்கில் வழுக்கும் விதைகள். அவர் பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டார். ஒன்றை மட்டும் எடுத்து, அதன் பக்கவாட்டில் பதிந்திருந்த சிறு பல்தடத்தை மகளிடம் காட்டினார். இரு கைகளையும் சிறகு போல அசைத்துக் காட்டிச் சிரித்துவிட்டு, அந்தப் பழத்தைத் தனக்குப் பின்னால் இருந்த புதருக்குள் வீசினார்.